பழைய டீசல் லாரியும் எரிபொருள் செலவும்

பழைய டீசல் லாரி என்பது இந்தியச் சாலைப் போக்குவரத்தில் பொதுவாகப் பாரத் ஸ்டேஜ் 3 அல்லது அதற்கு முந்தைய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தயாரிக்கப்பட்டு, இன்றும் சரக்கு ஏற்றி ஓடிக்கொண்டிருக்கும் கனரக வாகனத்தைக் குறிக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் ஒன்றிரண்டு லாரிகளை மட்டும் வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலரிடம் இருப்பது இத்தகைய வண்டிதான். கடன் தவணை முடிந்துவிட்டது என்பது இதன் பெரிய பலம். டீசலை அதிகம் குடிப்பது இதன் பெரிய பலவீனம். ஒரு நடைக்கு ஆகும் செலவில் டீசலே பாதிக்கு மேல் வருவதால், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அந்த மாதம் லாபமா நட்டமா என்பதே மாறிவிடும்.

விலை ஏறிய விதம்

டீசல் விலையை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த காலத்தில் விலை எப்போதாவது ஒருமுறைதான் ஏறும். 2013 ஜனவரி முதல் மாதந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு முழுவதுமாக நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை நிர்ணயம் நடைமுறைக்கு வந்தது. 2021 நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 102 ரூபாயைத் தாண்டி நின்றது. அதன்பின் மத்திய கலால் வரி 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் மேலும் 2 ரூபாய் குறைந்தபின் சென்னை விலை 92 ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. இக்கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 92 ரூபாய் என்ற விலையைக் கொண்டே போடப்பட்டுள்ளன.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது டீசல் அதற்குள் சேர்க்கப்படவில்லை. எனவே டயருக்கும் உதிரிபாகத்துக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடிந்த நிறுவனங்களுக்கும் டீசல் மீதான வரியைக் கழிக்க வழியில்லை. 2018 ஜூலையில் எட்டு நாள் நடந்த நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் டீசல் விலையும் சுங்கச் சாவடிக் கட்டணமும் முதன்மையாக இருந்தன.

ஒரு லிட்டர் டீசல் எங்கே போகிறது

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. நல்ல நிலையிலுள்ள பழைய என்ஜின் ஒன்றில் இதில் சுமார் 11 மெகாஜூல்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். மற்றதெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். சக்கரத்துக்கு வந்த ஆற்றல் மூன்று வேலைகளுக்குச் செலவாகிறது: டயர் உருளும்போது ஏற்படும் தடையை வெல்வது, எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்வது, நின்ற வண்டியை மறுபடியும் வேகத்துக்குக் கொண்டுவருவது. மலையேற்றம் தனி.

டயர்த் தடை வேகத்தைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. ஆனால் காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். மொத்த எடை 25 டன் உள்ள பத்துச் சக்கர லாரிக்குச் சமதளச் சாலையில் தோராயமாகக் கணக்கிட்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைக்கும். 60-ல் அது சுமார் 3.6 ஆகும். 80-ல் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். 300 கிலோமீட்டர் தூரத்தை 80-க்குப் பதில் 60-ல் கடந்தால் ஏறத்தாழ 25 லிட்டர் மிச்சம், அதாவது 2,300 ரூபாய். அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றேகால் மணி நேரம். உண்மையில் எந்தப் பழைய லாரியும் 300 கிலோமீட்டர் முழுவதையும் 80-ல் ஓட்டிவிட முடியாது. ஆனால் எந்த வேகத்தில் எவ்வளவு போகிறது என்பதை இக்கணக்கு காட்டும்.

பிரேக் போடுவது இன்னும் கண்ணுக்குத் தெரியாத செலவு. 25 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 3.5 மெகாஜூலை ஒட்டியது. முழுவதும் நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர 300 மில்லிலிட்டர் டீசல் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் 28 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் சிவப்பு விளக்கோ வேகத்தடையோ தெரிந்தவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியைத் தானாக வேகம் குறையவிடும் ஓட்டுநருக்கும், கடைசி ஐம்பது மீட்டரில் பிரேக்கை மிதிப்பவருக்கும் இடையே ஒரு நடையில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். அனுபவசாலி ஓட்டுநர்கள் இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கால் தானாகவே பழகியிருக்கும்.

என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 1,200 முதல் 1,600 வரை உள்ளபோது இவ்வகை ஆறு சிலிண்டர் என்ஜின்கள் சிக்கனமாக ஓடும். பழைய வண்டிகளில் சுழற்சி காட்டும் மீட்டர் வேலை செய்வது அபூர்வம் என்பதால் சத்தத்தை வைத்தே கியர் மாற்ற வேண்டியிருக்கிறது. என்ஜின் இரைச்சலிடும் முன் மேல் கியருக்குப் போவதும், முக்கும் முன் கீழ் கியருக்கு வருவதும்தான் இதில் உள்ள திறமை.

நியூட்ரலில் இறக்கம்

டீசல் மிச்சம் பிடிக்கும் வழிகளில் மிகப் பரவலானதும் மிக ஆபத்தானதும், இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடுவது. சிலர் என்ஜினையே அணைத்துவிடுவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாய் இறக்கம் இதற்குப் பெயர்போனது. பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் செல்லும் கார்கள் மீது மோதிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று அங்கே ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை செய்ய வேண்டிய அளவுக்கு இப்பழக்கம் வேரூன்றியது.

இதில் வேதனை என்னவென்றால், செங்குத்தான இறக்கத்தில் இப்படிச் செய்வதால் டீசல் மிச்சமாவதே இல்லை. பழைய லாரிகளில் பெரும்பாலும் இருப்பது இயந்திர முறையில் இயங்கும் வரிசை டீசல் பம்பு. பட்டறைகளில் அதை மைகோ பம்பு என்பார்கள். இந்தப் பம்பிலுள்ள கவர்னர், ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, வண்டியின் ஓட்டமே என்ஜினைச் சுழற்றும்போது, டீசல் ஊட்டத்தை முற்றாக நிறுத்திவிடும். அதாவது கியரில் இறங்கும் லாரி அந்த நேரத்தில் ஒரு சொட்டு டீசலும் எடுப்பதில்லை. நியூட்ரலுக்குத் தள்ளியவுடன் என்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால் மறுபடி டீசல் பாயத் தொடங்குகிறது. மிச்சம் பிடிக்க நினைத்தவர் உண்மையில் செலவைக் கூட்டியிருக்கிறார்.

என்ஜினை அணைத்துவிட்டால்? சும்மா ஓடும் பெரிய என்ஜின் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் டீசல் எடுக்கும். பத்து நிமிட இறக்கத்துக்கு அது 330 மில்லிலிட்டர், ஏறக்குறைய 30 ரூபாய். கியரில் வந்தாலும் அந்த 30 ரூபாய் மிச்சம்தான் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் என்ஜின் அணைந்தால் காற்றுக் கம்ப்ரஸரும் நின்றுவிடும். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. தொட்டியில் சேர்ந்திருக்கும் காற்றைக் கொண்டு சில முறைதான் பிரேக் மிதிக்க முடியும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நியூட்ரலில் வண்டியைப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் பிரேக் மீதே விழுகிறது. டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடி தளர்ந்துவிடும். காற்று இருக்கும், மிதி இறங்கும், ஆனால் வண்டி நிற்காது.

மேட்டில் எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் அந்த மேட்டை இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கு. எக்சாஸ்ட் பிரேக் இருந்து, அது வேலை செய்தால், அதையும் போட்டுக்கொள்ளலாம். லேசான சரிவுள்ள நீண்ட சாலையில் மட்டும் கியரின் இழுப்பு இல்லாமல் வண்டி இன்னும் சற்றுத் தூரம் உருளும் என்பது உண்மை. அந்தச் சிறு லாபத்துக்காகப் பழகிய கை, கணவாயிலும் அதையே செய்துவிடுகிறது.

பட்டறையில் செய்ய வேண்டியவை

கறுப்புப் புகை விடும் லாரி எரியாத டீசலைக் காற்றில் விடுகிறது. இழுவை போதவில்லை என்று பம்பைக் கூட்டிவைக்கச் சொல்லும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. கூட்டிவைத்தால் டீசல் அதிகம் பாயும். ஆனால் அதை எரிக்கப் போதிய காற்று உள்ளே வராது. மேட்டில் சிறிது இழுக்கும், மற்ற நேரமெல்லாம் கறுப்பாகப் புகையும். இழுவை குறைந்ததற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்: அடைத்த ஏர் பில்டர், தேய்ந்த நாசில், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல், இடைவெளி தவறிய வால்வுகள். இவற்றைச் சரிசெய்துவிட்டுப் பம்பை நிறுவனம் சொன்ன அளவுக்கே கொண்டுவந்து வைப்பதுதான் முறை. நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதனை மேடையில் தெளிப்பைப் பார்த்தால் குறை உடனே தெரிந்துவிடும். பனிபோல் தெளிக்க வேண்டியது தாரையாக வழிந்தால் அந்த நாசில் மாற்றப்பட வேண்டியது.

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது; மோதிரங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கும். காலையில் கிளப்பும்போது சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. வண்டி சூடான பின்னும் வெள்ளையாக வந்தால் டைமிங் தவறியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். வெப்ப நாட்டில் என்ஜின் சூடாகிவிடக் கூடாது என்று அதை எடுத்துவிடுகிறார்கள். விளைவாக, என்ஜின் தனக்குரிய வெப்பநிலையை எட்டவே அதிக நேரமாகிறது. குளிர்ந்த என்ஜினில் டீசல் முழுமையாக எரியாது. ஆயிலும் கெட்டியாக இருந்து உராய்வைக் கூட்டும். வண்டி சூடாகிறதென்றால் அடைத்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே சரியான மருந்து. சில நூறு ரூபாய் உதிரிபாகத்தைக் கழற்றிவிட்டு ஆண்டு முழுவதும் டீசலில் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

காற்றுக் கசிவையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவு நிறுத்திய லாரியில் காலைக்குள் பிரேக் காற்று முழுவதும் இறங்கிவிட்டால், அது ஏறும்வரை கால் மணி நேரம் என்ஜினைச் சும்மா ஓட்ட வேண்டியிருக்கும். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தால் தினமும் அரை லிட்டர் மிச்சம். பிரேக்கும் நம்பகமாகும்.

பிரேக் பிடித்தபடியே ஓடும் சக்கரத்தைக் கண்டறிவது எளிது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிக்கிறதோ அதுதான்.

டீசலில் போடும் மாத்திரை, குழாயில் மாட்டும் காந்தப் பட்டை போன்றவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டீசல் பில்டர் வாங்கலாம்.

டயர்

கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டுக் காற்றைக் கணிப்பது வழக்கமாக இருந்தாலும், நூறுக்கு எண்பது இருக்கும் டயரின் சத்தத்தைக் காது பிரித்தறியாது. பிரஷர் கேஜ் வைத்து, வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்று பத்து சதவீதம் குறைந்தால் டீசல் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கூடும். ஜோடி டயர்களில் உள்பக்கத்து டயர்தான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது. நைலான் டயருக்குப் பதில் ரேடியல் போட்டால் உருளும் தடை குறைந்து மைலேஜ் கூடும். ஆனால் ஒரே அச்சில் இரண்டையும் கலந்து போடக் கூடாது.

எங்கே நிரப்புவது

மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபடுவதால் டீசல் விலையும் வேறுபடுகிறது. கர்நாடகத்தில் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டைவிடக் குறைந்த விலை இருந்துவந்ததால், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய் டேங்கை நிரப்புவது தென்மாவட்ட லாரிகளுக்கும் வழக்கமாயிற்று. இந்த வித்தியாசம் நிலையானதல்ல. அங்கும் வரி உயர்ந்து இடைவெளி சுருங்கியிருக்கிறது. போகிற வழியில் இருந்தால் நிரப்பலாம். அதற்கென்று பத்து கிலோமீட்டர் சுற்றினால் அந்தச் சுற்றுக்கே 260 ரூபாய் டீசல் ஆகிவிடும்.

அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல நுகர்வோருக்கு உரிமை உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று மண்ணெண்ணெய் கலந்த டீசலையோ, பயோ டீசல் என்ற பெயரில் பீப்பாயில் விற்கப்படும் கலப்பு எண்ணெயையோ வாங்கினால் முதலில் கெடுவது பம்புதான். வரிசைப் பம்பின் பிளஞ்சர்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்த மசகுத் தன்மை குறைவு.

காலியாகத் திரும்புதல்

நாமக்கல்லிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். பாரத்தோடு லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் என்றால் போக மட்டும் 33,000 ரூபாய் டீசல். காலியாகத் திரும்பினால் 5.5 கிலோமீட்டர் கிடைக்கலாம். ஆனாலும் 21,000 ரூபாய் போய்விடும், வரவு ஒன்றுமில்லை. அதனால்தான் ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு மூன்று நாள் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு டீசல் சிக்கனத்தின் ஒரு பகுதி என்றாலும், அதன் சுமை ஓட்டுநர் மீதுதான் விழுகிறது. ஓட்டுநரின் படியை நாள் கணக்கில் தராமல் நடைக் கணக்கில் தரும் இடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும்.

டீசல் ஒரு ரூபாய் ஏறினால் 3.5 மைலேஜ் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 29 பைசா கூடுகிறது. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுபவர்கள் டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வசதி அரிது. அன்றைய சந்தை வாடகைதான் அவருக்கு.

மைலேஜ் கணக்கு

மைலேஜைச் சரியாக அறிய, டேங்கை வழியும்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பி, போட்ட லிட்டரைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒரு நடையை வைத்து முடிவு கட்டக் கூடாது. பாரம், பாதை, காற்று எல்லாம் மாறும். ஐந்தாறு நடைகளை ஒரு நோட்டில் எழுதி வந்தால் வண்டியின் குணம் தெரியும். திடீரென்று மைலேஜ் இறங்கினால் ஓட்டுநரைச் சந்தேகிக்கும் முன் மேலே சொன்ன டிரம்மைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பல உரிமையாளர்கள் குறிப்பிட்ட மைலேஜை நிர்ணயித்து, அதைவிட மிச்சமாகும் டீசலின் மதிப்பை ஓட்டுநருக்கே கொடுத்துவிடுகிறார்கள். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பவர்களும் உண்டு. ஊக்கம் தரும் ஏற்பாடு என்ற அளவில் இது நன்றே. ஆனால் தேய்ந்த நாசிலோடும் மொட்டை டயரோடும் வண்டியைக் கொடுத்துவிட்டு, புது வண்டிக்குரிய மைலேஜைக் கேட்டால், அந்த வித்தியாசத்தை ஓட்டுநர் எங்கிருந்து கொண்டுவருவார்? தொப்பூர் இறக்கத்தில் கியர் நியூட்ரலுக்குப் போவதற்குப் பின்னால் சில நேரங்களில் இந்தப் பிடித்தம்தான் இருக்கிறது. நிர்ணயிக்கும் மைலேஜ் அந்த வண்டியில், அந்தப் பாதையில், அளந்து பார்த்த எண்ணாக இருக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதா விற்பதா

புதிய பாரத் ஸ்டேஜ் 6 லாரி அதே பாரத்துக்கு லிட்டருக்கு 4.2 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டினால் 3.5 கொடுக்கும் பழைய வண்டியைவிட 2,850 லிட்டர் மிச்சம், சுமார் 2.6 லட்சம் ரூபாய். புதிய வண்டிக்கு 35 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால் பத்து சதவீத வட்டியே முதல் ஆண்டில் 3.5 லட்சத்தை ஒட்டும். புதிய வண்டிக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டியிருக்கும். எனவே ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை டீசல் கணக்குக்காக மட்டும் மாற்றுவது கட்டாது. அதே வண்டியைப் பட்டறையில் சரிசெய்து 3.5-ஐ 3.9 ஆக்க முடிந்தால் ஆண்டுக்கு 1,750 லிட்டர், அதாவது 1.6 லட்சம் ரூபாய் கடனில்லாமலே கையில் நிற்கும்.

ஆண்டுக்கு 1,20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் கணக்கு தலைகீழாகும்; டீசல் மிச்சமே 5.2 லட்சத்தைத் தாண்டும். வயதும் ஒரு வரம்பு. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்று பெற வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்தவற்றுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தப்பட்டது. டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கு லோடு எடுப்பவர்கள், பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு அங்குள்ள தடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுந்தூரம் ஓட்டி ஓய்ந்த லாரிகள் பிறகு உள்ளூர் மணல், ஜல்லி, செங்கல் நடைகளுக்கு இறங்குவது இதனால்தான். குறைந்த தூரம் என்பதால் அங்கே டீசல் பெரிதாகக் கடிப்பதில்லை. கிளட்ச்சும் பிரேக்கும்தான் அங்கே சீக்கிரம் தேயும்.